கடல்கோளுக்கு இரண்டு மதிப்பெண்!

(சிற்றூர் ஒன்றின் படிப்பகத் திறப்பு விழாவில், ஆசிரியர்களும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை.)



படிப்பகத்தைத் திறந்து வைத்திட வேண்டும், திறந்து வைத்தபின் 'பள்ளியிலே இயற்கைப் பாடம்' என்ற பொருள் பற்றிப் பேசிட வேண்டும் என்று தோழர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். வரும் வழியிலே நண்பர் ஒருவர் கேட்டார், "மரம், மழை, பறவை — இவை பற்றிப் பேசவா உன்னை அழைத்தார்கள்? நாட்டிலே பேசிட வேறு அரசியலே இல்லாமற் போய்விட்டதா?" என்று. நான் பதில் கூறவில்லை. மேடைக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டேன். பேச்சாளன் வாய் அப்படிப்பட்டது தோழர்களே — ஒருவர் கேட்டால் மூடிக்கொள்ளும். ஊர் கூடினால் திறந்துகொள்ளும்!

மற்றொன்றையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்வி பற்றிப் பேச வந்திருக்கும் நான், கல்லூரியைக் கடந்து வந்தவன் அல்லன். பாதியிலே விட்டு வந்தவன். தாவரவியல் பயிலச் சென்றேன். இரண்டாம் ஆண்டிலே நாடக மேடை என்னை இழுத்துக்கொண்டது. அந்த இரண்டாண்டுகளிலே செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டியும் குறுக்காக வெட்டியும் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். ஆனால், விடுதி வாயிலிலே நின்று நாள்தோறும் எனக்கு நிழல் தந்த மரம் இருக்கிறதே, அதன் பெயர் எனக்குத் தெரியாது! அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையாரைக் கேட்டேன். "இது கூடத் தெரியாதா தம்பி? புங்க மரம்!" என்றார். தாவரவியல் மாணவனுக்குத் தாவரம் பற்றிப் பாடம் சொன்னவர், பள்ளிக்கூடத்தையே பார்த்திராத ஒரு தாய். அன்று நாணினேன். இன்று அந்த நாணத்தைத்தான் உங்கள் முன் பேச்சாக வைக்கிறேன்.

தோழர்களே! 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எனக்கு வயது பதின்மூன்று. அரையாண்டுத் தேர்வு நடந்தது. தமிழ்த் தாளிலே ஒரு வினா — முற்காலச் சங்கங்கள் இருந்த நகரங்கள் எவ்வாறு அழிந்தன? விடை எனக்கு மனப்பாடம். தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கோளால் அழிந்தன. அழகாக எழுதினேன், அடிக்கோடும் இட்டேன். இரண்டு மதிப்பெண்! முழு மதிப்பெண்! அந்தச் செய்தி வரலாறா, வழிவழி வந்த கதையா என்பதை அறிஞர்கள் ஆய்ந்து கூறட்டும். நான் கூற வந்தது அஃதன்று. 'கடல்கோள்' என்றோர் அருஞ்சொல் என் கையிலே தரப்பட்டது. நான் அதைத் தாளிலே வைத்துவிட்டு, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

தேர்வு முடிந்தது. விடுமுறை விட்டார்கள். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவிலே சுமத்திராத் தீவுக்கு அருகே கடலின் அடியிலே நிலம் புரண்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து, அந்தப் புரளலின் அலை நம் கரைக்கு வந்தது. மாமல்லபுரத்திலே கடல் பின்வாங்கி, மூழ்கிக் கிடந்த கற்களை வெளியே காட்டியது. நாகையிலே, வேளாங்கண்ணியிலே, கடலூரிலே, குளச்சலிலே — வேண்டாம், விரித்துரைக்க நா எழவில்லை. தமிழகத்திலே மாண்டவர் ஏறத்தாழ 8000 பேர். அவர்களிலே நாகப்பட்டினம் மாவட்டத்தவர் மட்டும் 6000க்கு மேல்.

இரண்டு மணி நேரம், தோழர்களே! நாகையிலிருந்து பேருந்து ஏறித் திருவாரூர் சென்று, தேநீர் அருந்தி, ஊர்க்கதை பேசி முடிக்கும் நேரம். அத்தனை நேரத்தைக் கடல் நமக்குத் தந்தது. எச்சரிக்கை தர நாட்டிலே ஏற்பாடு இல்லை; எழுந்து ஓடு என்று சொல்லிட நம் நெஞ்சிலே பாடமும் இல்லை.

நான் கடற்கரை ஊரான் அல்லன். கரையிலிருந்து தள்ளி, வயல் சூழ்ந்த ஊர். உயிர் தப்பி வந்தோரை எங்கள் பள்ளிக் கட்டடத்திலே தங்க வைத்தார்கள். சோற்றுப் பொட்டலம் கொடுக்க என்னையும் அழைத்துச் சென்றார்கள். என் வகுப்பறை — நான் அமரும் அதே பெஞ்சு — அதிலே என் வயதுப் பையன் ஒருவன். யாரோ கொடுத்த பெரிய சட்டை, முழங்கால் வரை தொங்குகிறது. பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான், "கடல் இப்படி வரும் என்று உங்கள் பள்ளிக்கூடத்திலே சொல்லிக் கொடுத்தார்களா?" என்று.

நான் என்ன சொல்வேன்? சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள்!

நண்பர் கேட்டாரே, இது அரசியலா என்று — எந்தக் கேள்விக்கு ஒரு நாடு விடை சொல்லியாக வேண்டுமோ, அந்தக் கேள்விதான் அரசியல். அந்தச் சிறுவன் கேட்டதை விடப் பெரிய அரசியல் கேள்வியை நான் இதுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அதே நாள். அதே அலை. தாய்லாந்திலே புக்கெட் தீவு, மாய் காவ் கடற்கரை. இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்தாள் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி. கடல் நீர் நுரைத்துக் குமிழியிடுகிறது. பெரியவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சிறுமி மட்டும் அலறுகிறாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புவியியல் வகுப்பிலே ஆசிரியர் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். ஹவாய்த் தீவைத் தாக்கிய பேரலையைப் படமாகவும் காட்டியிருந்தார். அந்தப் பாடம் அவள் நெஞ்சிலே ஏறியிருந்தது. பெற்றோரை உலுக்கினாள், பெற்றோர் காவலரிடம் கூறினர், கடற்கரை காலியாயிற்று. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். அந்தக் கரையிலே ஓர் உயிரும் போகவில்லை. ஒரே ஒரு வகுப்பு. ஓர் ஆசிரியர். நூறு உயிர்!

"அது வெள்ளைக்காரர் பள்ளி, வசதியுள்ள பள்ளி, நம்மால் ஆகுமா?" என்று ஐயப்படுவோர் இருப்பீர்கள். உங்களுக்காக இன்னொரு தீவைக் காட்டுகிறேன். சுமத்திராவை ஒட்டிய சிமெலு. நிலம் புரண்ட இடத்துக்கு மிக அருகே இருந்த தீவு அது. அலை அங்கே சென்று சேரச் சில நிமிடங்களே பிடித்தன. எச்சரிக்கைக் கருவி ஏதும் அங்கே இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தவர்கள் ஏழே பேர்! எப்படி?

1907ஆம் ஆண்டு அந்தத் தீவைப் பேரலை ஒன்று அழித்தது. பிழைத்தவர்கள் அதற்குத் தம் தாய்மொழியிலே 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக நடுங்கினால், கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு — இதைக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டாகப் பாடினார்கள். பாட்டி பேத்திக்குச் சொன்னாள்; பேத்தி பாட்டியாகித் தன் பேரனுக்குச் சொன்னாள். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து, அந்த டிசம்பர்க் காலையிலே "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று ஒரு குரல் கிளம்பிற்று, ஊரே மலையேறிற்று.

அவர்களிடமும் ஒரு சொல் இருந்தது. நம்மிடமும் ஒரு சொல் இருந்தது — கடல்கோள்! அவர்கள் சொல்லைத் தாலாட்டிலே வைத்தார்கள்; நாம் வினாத்தாளிலே வைத்தோம். புகார் நகரைக் கடல் கொண்ட கதையை மணிமேகலை கூறுகிறது என்று பெருமை பேசும் நாம், அதே புகாரின் கரையிலே வாழும் மீனவர் பிள்ளைக்கு, கடல் பின்வாங்கினால் ஓடு என்று சொல்லித் தந்தோமா? இல்லையே!

இன்று ஐதராபாத்திலே ஓர் எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. வரவேற்போம். ஆனால், கருவி கூவினால் போதாது. கேட்பவனுக்குப் பொருள் விளங்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மார்ச் 11இல் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியதே, அப்போது கமாயிசி என்ற ஊரிலே என்ன நடந்தது? ஊரிலே ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். ஆனால், அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ மூவாயிரம் பேரிலே, ஒரு சிலர் தவிர அனைவரும் பிழைத்தனர். வரைபடம் காட்டும் எல்லையை நம்பி நின்றுவிடாதே, உன்னால் முடிந்த மட்டும் மேட்டுக்கு ஓடு, மற்றவருக்கு முன்னோடியாக ஓடு என்று அவர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி தந்திருந்தார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். ஓடும்போது தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் கைகளைப் பற்றிக்கொண்டு ஓடினார்கள். அதைக் கண்டு ஊர்ப் பெரியவர்களும் ஓடினார்கள். பாடம் புத்தகத்திலிருந்து காலுக்கு இறங்கியிருந்தது, தோழர்களே! காலுக்கு இறங்கிய பாடந்தான் உயிரைக் காத்தது.

நம் பாடம் எங்கே தங்கிவிடுகிறது? நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே, ஒரு சிறு காட்சியாகக் காட்டிவிடுகிறேன்.

திரை விலகுகிறது. ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்குப் பின்னே ஏரி. ஐந்தாம் வகுப்பு. பாடம் — நீர்நிலைகள்.

மாணவன்: ஐயா! ஏரியிலே நாரை வந்து இறங்கியிருக்கிறது, ஐயா!

ஆசிரியர்: அங்கே என்ன பார்வை? சன்னலைச் சாத்து! நீர்நிலைகளின் பயன்கள் யாவை? சொல்.

மாணவன்: ஒன்று, பாசனம். இரண்டு, குடிநீர். மூன்று, பறவைகளுக்குப் புகலிடம்.

ஆசிரியர்: நன்று. என்ன பறவைகள்?

மாணவன்: புத்தகத்திலே போடவில்லை, ஐயா.

ஆசிரியர்: அப்படியானால் தேர்வுக்கு வராது. அடுத்த பாடம்!

திரை விழுகிறது, மீண்டும் எழுகிறது. முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதே மாணவன், இப்போது மேசைக்குப் பின்னே அதிகாரி. எதிரே வீட்டுமனைத் தரகர்.

தரகர்: ஐயா, இந்த இடம் வெறும் பள்ளம். எட்டு மாதம் வறண்டுதான் கிடக்கிறது. மண்ணைக் கொட்டிவிட்டால் மனையாகிவிடும்.

அதிகாரி: இதற்குப் பெயர் ஏதேனும் உண்டா?

தரகர்: பழைய ஆள்கள் ஏதோ தாங்கல் என்பார்கள். வாயிலே வருகிற சொல். பொருள் ஒன்றும் கிடையாது!

அதிகாரி கையொப்பம் இடுகிறார். சன்னல், அன்று சாத்தியது சாத்தியபடியே இருக்கிறது. திரை!

இந்தக் காட்சியிலே ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திட நான் எழுதவில்லை. அவர் தலையிலே பதிவேடுகள், புள்ளிவிவரங்கள், தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்குகள்! பாடத்தை முடித்தாரா என்று கேட்க ஆள் உண்டு. பிள்ளையை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றாரா என்று கேட்க ஆள் உண்டா? பிள்ளைகளோடு வெளியே சென்றால், "வகுப்பு நடத்தாமல் ஊர் சுற்றுகிறார்" என்று புகார் எழுதிட மட்டும் ஊரிலே ஆள் உண்டு! சன்னலைச் சாத்தியவர் அவர். சாத்த வைத்தது நாம்.

தாங்கல் என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாதாம்! மழை நீரைத் தாங்கி நிறுத்தும் இடம் தாங்கல். வேடந்தாங்கல் ஒரு தாங்கல். பழவந்தாங்கல் ஒரு தாங்கல். வட மாவட்டத்தார்க்கு ஏரி, மதுரை, முகவைப் பக்கத்தார்க்குக் கண்மாய், நெல்லையார்க்குக் குளம், குடிநீருக்கென்றே ஊருணி, மலையிலே ஊறினால் சுனை, கடலோரத்திலே தேங்கினால் கழி. ஒவ்வொரு சொல்லும் ஒரு பொறியியல் பாடம். எந்த நீர் எங்கிருந்து வந்தது, எங்கே தங்கும், எதற்குப் பயன்படும் என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள். பெயரை மறந்தோம், பிறகு இடத்தை விற்றோம். பெயர் தெரியாத பொருளைப் பறிகொடுக்கும்போது வலிப்பதில்லை. களவாடுபவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சென்னையைப் பாருங்கள். மேற்கு மாம்பலத்திலே 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் சாலை! சாலை இருக்கிறது, ஏரி எங்கே? 1920களிலே நெட்டேரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் — மழையைப் பஞ்சு போல் உறிஞ்சி, வெள்ளத்தைத் தணித்து, நிலத்தடியை நனைத்து வந்த நிலம் — அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் சாலையாகவும் மாறிற்று. எஞ்சியதற்கு 2022இல்தான் ராம்சர் நிலம் என்ற உலகத் தகுதி கிட்டிற்று. இதன் விளைவு? 2015 டிசம்பரிலே நகரம் வெள்ளத்திலே மிதந்தது. 2019 கோடையிலே பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன; சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியிலே தண்ணீர் வந்தது — ஒரு வண்டிக்கு 25 இலட்சம் லிட்டர்! நான்கே ஆண்டுகள். மூழ்கிய ஊரும் அதுதான். தவித்த ஊரும் அதுதான். வானத்தின் குற்றம் மட்டுமா இது? நீரை வைக்க இடமில்லாமல் விரட்டிவிட்டு, பிறகு நீரைத் தேடி வண்டி அனுப்பிய அறிவின் குற்றமும் அல்லவா! அந்த அறிவு எந்தப் பள்ளியிலே பயின்றது? சன்னல் சாத்திய பள்ளியிலே!

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், காடுகள், ஏரிகள், ஆறுகள், கானுயிர்கள் ஆகியவற்றைப் பேணுவதும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் குடிமகன் ஒவ்வொருவரின் கடமை என்று அரசமைப்பிலே எழுதி வைத்தது. நல்ல வாசகம்! ஆனால், அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. அதுவரை மாநிலத்தின் பட்டியலிலே இருந்த கல்வியையும் காட்டையும் கானுயிர்ப் பாதுகாப்பையும் எடுத்து, பொதுப்பட்டியலிலே சேர்த்தது. கடமையை ஊரானிடம் கொடுத்து, கருவியிலே பாதியைத் தொலைவிலே வைத்துக்கொண்ட கதை! எந்தக் கரையிலே எந்த அலை வரும், எந்த ஊரிலே எந்த மரம் நிற்கும் என்பதை அந்த ஊரைப் பார்த்தவனல்லவா பாடமாக எழுத வேண்டும்? இயற்கைப் பாடம் ஊருக்கு ஊர் மாறும். குறிஞ்சிக்கு ஒன்று, நெய்தலுக்கு ஒன்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பூவும் பறவையும் தொழிலும் வகுத்த மரபினர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ!

1991 நவம்பரிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பு அளித்தது, சுற்றுச்சூழலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டாயப் பாடமாக்குக என்று. 2003ஆம் ஆண்டு மீண்டும் உத்தரவிட்டு, வகுப்புவாரியாகப் பாடத்திட்டம் வகுக்கச் செய்தது. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, வினாவும் வந்தது — "மரம் வளர்ப்பதன் பயன்கள் ஐந்து எழுதுக." பிள்ளை எழுதுகிறான், ஐந்தல்ல, ஆறு! எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியிலே, சாலை அகலப்படுத்த வெட்டிச் சாய்த்த புளியமரத்தைத் தாண்டிச் செல்கிறான், எவ்விதத் துடிப்புமின்றி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு மரம் நிழலுக்கு உதவாது, தோழர்களே!

பழம்பெருமை பேசுகிறேன் என்று யாரும் கருதிட வேண்டாம். தொல்காப்பியத்தின் மரபியல், புல்லும் மரமும் ஓரறிவுடையன என்று தொடங்கி, மனிதனை ஆறறிவிலே வைத்து, உயிர்களை அறிவின் படிவரிசையாக வகுத்தது. குட்டி என்றும் கன்று என்றும் குருளை என்றும் பறழ் என்றும் பார்ப்பு என்றும், எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்று கணக்கு வைத்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்குகிறது. உண்மை, பெருமைதான். ஆனால் பாட்டன் 99 மலர் அறிந்திருந்தான் என்று முழங்கிவிட்டு, பேரன் ஒன்பது மலரை அடையாளம் காட்ட முடியாமல் நின்றால், அது பெருமையா? பாட்டன் சொத்தை அடகு வைத்துவிட்டு, அடகுச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டுவது போன்றதல்லவா அது!

இன்னொன்று கூறுவேன். இதிலேதான் நம் இயக்கத்தாரின் உள்ளம் பதிய வேண்டும். இயற்கையை அறிந்தவர்கள் இந்த நாட்டிலே இன்றும் இருக்கிறார்கள். யார் அவர்கள்? மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், பனை ஏறுபவர், நாற்று நடுபவர். யாருடைய கை சேற்றிலே இருக்கிறதோ, அவரிடம் அறிவு இருக்கிறது. ஆனால், பள்ளிக்கூட வாயிலிலே அவருடைய பிள்ளை வந்து நிற்கும்போது என்ன சொல்கிறோம்? "உனக்கு ஒன்றும் தெரியாது, உட்கார், கற்றுத் தருகிறேன்" என்கிறோம். காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் தந்தையின் தோணியிலே கற்ற பையன், வகுப்பறையிலே மக்கு! காற்றின் பயன்களைப் பார்த்து ஒப்பிப்பவன் கெட்டிக்காரன்! உழைப்பவனின் அறிவை அறிவே அல்ல என்று தள்ளிவைத்த பழைய கொடுமையின் எச்சமல்லவா இது?

இருளர் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பின் தடத்தை மண்ணிலே படிக்கத் தெரிந்தவர்கள். 1978ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அவர்களுக்கென அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் — இந்நான்கின் நஞ்சை எடுத்துத் தருகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து பிறக்கிறது. இந்த நாட்டின் எந்த மூலையிலோ வரப்பிலே கடிபட்டு விழுந்த உழவன் பிழைத்து எழுகிறான் என்றால், அதிலே இருளரின் கைவண்ணம் இருக்கக்கூடும். அவர்களிலே மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவருக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருது தந்தார்கள், நன்று! ஒரு பள்ளிக்கூடம் அவர்களைப் போன்றோரை அழைத்து, "ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்துங்கள்" என்று கேட்குமானால், அது விருதினும் பெரிது என்பேன்.

வேடந்தாங்கல் உழவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏரியிலே வந்து தங்கும் பறவைகளைத் துப்பாக்கியால் சுட்டார்கள் வெள்ளைச் சிப்பாய்கள். உழவர்கள் ஆட்சியரிடம் முறையிட்டார்கள்; 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலே பெற்றார்கள். பறவையின் எச்சம் ஏரி நீரிலே கலக்கிறது, ஏரி நீர் வயலிலே பாய்கிறது, வயலுக்கு அதுவே எருவாகிறது — இந்தச் சங்கிலி அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் காத்தார்கள். அறிந்தவன்தான் காப்பான், காக்க எழுந்தவனைத்தான் ஆட்சியும் மதிக்கும்.

"இதெல்லாம் சரி, பிள்ளைகளின் மதிப்பெண் என்னாவது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண்தான் ஏணி. அந்த ஏணியைப் பிடுங்க நான் வரவில்லை. ஏணியிலே ஏறியவன், ஏணி நிற்கும் தரையையும் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன். சென்னையிலே மாணவர்கள் சேர்ந்து 1988ஆம் ஆண்டிலே கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் சனவரி தொடங்கி, நள்ளிரவிலே கடற்கரையிலே நடக்கிறார்கள். பங்குனி ஆமை இட்டுச் சென்ற முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்திலே வைத்து, குஞ்சு பொரித்ததும் கடலிலே விடுகிறார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஒளியை நோக்கிச் செல்லும்; கடலின் மேல் படரும் ஒளியை நாடவேண்டிய அது, தெருவிளக்கைக் கண்டு சாலைக்கு ஏறிச் சாகிறது. இதைப் படித்தவன் மறப்பான்; உள்ளங்கையிலே அந்தக் குஞ்சு துடிக்கக் கண்டவன் மறப்பானா? அந்த மணலிலே நடந்த பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடிவிடவில்லை — படிப்பை விட்டு ஓடிய நான் சொல்கிறேன், நம்புங்கள்!

ஆகவே, தோழர்களே! இந்தப் படிப்பகத்துக்கு ஒரு வேலைத்திட்டம் தந்துவிட்டு விடைபெறுகிறேன். செலவு இல்லை, நன்கொடைச் சீட்டும் தேவையில்லை.

முதலாவது: 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் குழு அமைத்து, அவ்வூரின் மரம், செடி, மீன், பறவை, விதை, மக்கள் அறிவு ஆகியவற்றைப் பதிந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று வைத்திட வேண்டும். நாளைக் காலையிலே ஊராட்சி அலுவலகம் செல்லுங்கள். "எங்கள் ஊர்ப் பதிவேடு எங்கே?" என்று பணிவாகக் கேளுங்கள். இருந்தால் படி எடுத்து இந்தப் படிப்பகத்திலே வையுங்கள். இல்லையென்றால், உண்டாகும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். பணிவு குறைய வேண்டாம். வருகையும் குறைய வேண்டாம்!

இரண்டாவது: திங்களுக்கு ஒரு ஞாயிறு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரின் நீர் வரும் வழியிலே நடந்து செல்லுங்கள். வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, மதகு எங்கே, கலங்கல் எங்கே, யார் வீட்டுச் சுவர் வாய்க்காலின் மேல் நிற்கிறது — பிள்ளைகளே எழுதட்டும். அந்தச் சுவர் நம் தோழர் ஒருவருடையதாக இருந்தால்? அதையும் எழுதட்டும்! பிள்ளையின் ஏட்டிலே அடித்தல் திருத்தல் செய்யும் துணிவு எந்தத் தோழருக்கு வருகிறதென்று பார்ப்போம்.

மூன்றாவது: ஊரின் முதியவர்களை ஆசிரியர்களாக அமர்த்துங்கள். மருந்துச்செடி அறிந்த பாட்டி, ஆடு மேய்த்த தாத்தா, வலை பின்னும் அண்ணன் — இவர்கள் நாற்காலியிலே அமரட்டும்; பட்டம் பெற்றவர்கள் தரையிலே அமர்ந்து கேட்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் பிள்ளைகளோடு வெளியே வரும்போது, புகார் எழுதுபவனுக்கு முன்னே நின்று, "ஆம், வகுப்புதான் நடக்கிறது" என்று சான்று கூறிட நம் தோழர்கள் முன்வரட்டும்.

இவற்றைச் செய்தால் நாளையே வெள்ளம் வடியும், வறட்சி ஓடும் என்று நான் ஏமாற்றப் போவதில்லை. விதை போடுகிறவன் மறுநாளே குலை வெட்ட அரிவாளோடு நிற்பதில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மேசைக்குப் பின்னே இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி அமர்வாள். எதிரே தரகர் வருவார். "வெறும் பள்ளம், அம்மா" என்பார். அவள் சிரிப்பாள். "அதற்குப் பெயர் தாங்கல். வடகிழக்கிலே இரண்டு வாய்க்கால், தெற்கிலே ஒரு கலங்கல். பத்து வயதிலே அந்தக் கரையிலே நடந்திருக்கிறேன்" என்பாள். கோப்பு திரும்பிப் போகும். அந்த நாளுக்காகத்தான் இன்று இந்தக் கதவைத் திறந்திருக்கிறோம்.

என் வகுப்பறையிலே, என் பெஞ்சிலே அமர்ந்து, என்னைக் கேள்வி கேட்டானே ஒரு சிறுவன் — அவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனுக்கும் இப்போது பள்ளி செல்லும் பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை கடலைக் காட்டி நம்மைக் கேட்கும் நாளிலாவது, மதிப்பெண்ணைக் காட்டாமல் மேட்டைக் காட்டுவோம். இப்படி ஓடு, இவர்களையும் அழைத்துக்கொண்டு ஓடு என்று சொல்லித் தந்தவர்களாக நிற்போம்.

படிப்பகத்தின் கதவைத் திறந்து வைத்தேன், தோழர்களே. சன்னல்களையும் திறந்து வையுங்கள்!